நெருள் நிலமும் எழுதா ஒப்பந்தமும்

வாணிகர் இருவர் விலை, அளவு, காலம் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கையொப்பமிடுவர். நிறுவனத்திற்கும் சமுதாயத்திற்கும் இடையே அத்தகைய தாள் இல்லை. ஆயினும் எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் உண்டு என்பர் அறிஞர். இதுவே வணிக அறத்தில் சமுதாய ஒப்பந்தக் கோட்பாடு எனப்படும்.

இக்கோட்பாடு முதலில் அரசுக்கும் மக்களுக்கும் உள்ள உறவை விளக்கவே தோன்றியது. ரூசோ எழுதிய 'சமுதாய ஒப்பந்தம்' என்னும் நூல் 1762இல் வெளிவந்தது. 1982இல் அமெரிக்க அறிஞர் தாமஸ் டொனால்ட்சன் இதனை வணிகத்திற்குப் பொருத்திக் காட்டினார். நிறுவனம் நிலத்தையும் உழைப்பையும் சமுதாயத்திடமிருந்து பெறுகிறது. ஆகவே, அதனால் தீமையினும் நன்மை மிகுதல் வேண்டும். எவருக்கும் அநீதி நேர்தல் கூடாது.

இதற்கு நெருள் நிலமே சான்றாகும். மும்பையின் நெரிசலைக் குறைக்க நவி மும்பை நகரை அமைக்கும் பொருட்டு, மகாராட்டிர அரசு 1970இல் சிட்கோ நிறுவனத்தைத் தோற்றுவித்தது. நெருள் உள்ளிட்ட 95 ஊர்களின் நிலங்கள் இத்திட்டத்திற்குள் வந்தன. அங்கு ஆக்ரி, கோலி மக்கள் நெல் விளைத்தும் உப்பு விளைத்தும் மீன் பிடித்தும் வாழ்ந்து வந்தனர். நிலத்திற்கு இழப்பீடு உண்டு என்றது சட்டம். அது போதாது என்பதும், நகரம் வளர்வதால் விளையும் பயனில் தமக்குப் பங்கில்லை என்பதும் அம்மக்களின் குறைகள். தி. பா. பாட்டீல் தலைமையில் அவர்கள் போராடினர். 1984 சனவரியில் உரண் வட்டத்தில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிர்நீத்தனர்.

அதன் பின்னரே, எடுத்துக்கொண்ட நிலத்தின் அளவில் 12.5 விழுக்காட்டை வீட்டு மனைகளாக்கி, நிலம் இழந்தோர்க்கே அளிக்கும் திட்டம் உருவாயிற்று. 1990களில் அது நடைமுறைக்கு வந்தது. விலை கொடுத்ததோடு கடமை முடிந்துவிடாது. வளர்ச்சிக்கு நிலம் தந்தோர்க்கு அவ்வளர்ச்சியிலும் பங்குண்டு என்பதை இத்திட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால், அப்பங்கு ஐந்து உயிர்கள் நீங்கும் முன்னரே அளிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே நல்ல வாணிகம் என்கிறது திருக்குறள். ஒரு தொழிலின் அறத்தை அளக்க ஒரு வினா போதும்: இதனால் இழப்போர், எல்லாவற்றையும் முன்னரே அறிந்திருந்தால், உளமார உடன்பட்டிருப்பரா?

சிந்தித்து எழுதுக

1. நிலம் தந்தோர்க்கு இழப்பீடு மட்டும் ஏன் போதவில்லை?
2. உம் பகுதியில் உள்ள ஒரு தொழில் சமுதாயத்திடமிருந்து பெறுவன யாவை? தருவன யாவை?