கணிப்பொறியும் பயனாளர் உரிமையும்

இல்லக் கணிப்பொறியை வாங்குவோர், தாம் கேளாத மென்பொருள்கள் பலவற்றையும் அதனுடன் சேர்த்தே பெறுகின்றனர். இவற்றால் தயாரிப்பாளருக்கு வருவாய் கிட்டுகிறது. பயனாளருக்கோ சேமிப்பிடமும் வேகமும் குறைகின்றன. விண்டோஸுடன் மீடியா பிளேயரைப் பிணைத்து விற்றமை உள்ளிட்ட காரணங்களுக்காக, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திற்கு ஐரோப்பிய ஆணையம் 2004-ஆம் ஆண்டில் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது.

தானியங்கிப் புதுப்பிப்பு வேறு வகையினது. பணியின் நடுவே கணிப்பொறி நின்று மீண்டும் தொடங்குவதால் எரிச்சலுறும் சிலர், புதுப்பிப்பையே நிறுத்திவிடுகின்றனர். இது ஆபத்தானது. 2017 மே மாதத்தில் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவிற்று. அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச் மாதத்திலேயே வெளியாகியிருந்தது. அதனை ஏற்காத பொறிகளே பெரிதும் பாதிக்கப்பட்டன.

ஆதலின், பாதுகாப்புத் திருத்தம் இன்றியமையாதது. அதற்குரிய நேரத்தைத் தேர்வதும், வேண்டாத மென்பொருளை நீக்குவதும் பயனாளரின் உரிமையாதல் வேண்டும்.