தண்ணீரைத் தேடும் உப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள், மரக்காணத்தை நெருங்கும்போது வெள்ளை வெளேரென்று நிற்கும் உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பாத்திகளில் வெறுங்காலோடு நின்று வேலை செய்கிறவர்களின் பாதத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குதிகாலில் ஆழமான வெடிப்பு, விரலிடுக்கில் ஆறாத புண், அதன்மேல் உலர்ந்த உப்பு. உப்புத் தொழிலில் தோலும் மூச்சும் படும் பாட்டுக்கு மூல காரணம் ஒன்றுதான்: உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. வெயிலில் வற்றி, படிகம் கட்டும் நிலைக்கு வந்த பாத்தி நீரில் அது ஏறத்தாழ 300 கிராம். நம் உடல் திரவத்தின் செறிவோ லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைசலுக்குச் சமம். முப்பது மடங்குக்கும் மேலான இந்த வித்தியாசம்தான் உயிரணுக்களிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. மீன் கருவாடாவதும் இதே விதியால்தான்.

அப்படியானால் பாத்தியில் நிற்பவரின் கால் ஏன் கருவாடாகவில்லை? தோலின் மேலடுக்கு காப்பாற்றுகிறது. இறந்த உயிரணுக்களும் கொழுப்பும் சேர்ந்த அந்த அடுக்கு, உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். உள்ளங்காலில் அது தடிமனாக இருந்தாலும், அங்கே எண்ணெய் சுரப்பிகள் கிடையாது. நாள் முழுக்க நனைவதும் காய்வதுமாக இருந்தால் அடுக்கு விறைத்துப்போய் வெடிக்கும். உப்புப் படிகங்களின் கூர்முனை அதை மேலும் கீறும். வெடிப்பின் வழியே உப்புநீர் உயிருள்ள சதையைத் தொட்டுவிட்டால் எரிச்சல் தாங்காது. தினமும் நனையும் புண் ஆற வழியில்லை.

உப்பை அரைக்கும்போதும் மூட்டை கட்டும்போதும் தூசு கிளம்பும். பெரிய துகள்கள் மூக்கோடு நின்றுவிடும். சிறியவை மூச்சுக்குழாயின் ஈரத்தில் நீரை உறிஞ்சிப் பருத்துப் படியும். கல்லுடைக்கும் இடத்துச் சிலிக்கா தூசுபோல நுரையீரலில் தங்கி வடுவாக்காமல் உப்பு கரைந்துவிடும். ஆனால் கரையும் இடத்தில்தான் வேலையைக் காட்டும். மூச்சுக்குழாயைப் போர்த்தியிருக்கும் நீர்ப்படலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதன் உப்புச் செறிவு கூடினால் இருமல் வரும். ஆஸ்துமா உள்ளவருக்குக் குழாய் சுருங்கி மூச்சு இறைக்கும். ஆஸ்துமாவைக் கண்டறிய 4.5 சதவீத உப்புக் கரைசலின் நுண்துளிகளை உள்ளிழுக்கச் செய்யும் சோதனையே உண்டு. இதே இழுவிசை மருந்தும் ஆகிறது: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் கெட்டிச் சளியை இளக்க 7 சதவீதக் கரைசல் தருகிறார்கள். அளவும் கண்காணிப்பும்தான் வித்தியாசம்.

தூசு நுரையீரலோடு நிற்பதுமில்லை. ராஜஸ்தானில் உப்பு அரைவை ஆலைகளுக்கு அருகே வேலை செய்தவர்களிடம் ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்ததை 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முகக்கவசமும் கண்ணாடியும் அணியவைத்ததும் அழுத்தம் குறைந்தது.

ஆகவே தீர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. முழங்கால் வரை காலணி, மூக்கை மூடும் கவசம், வரப்போரம் கால் கழுவ நல்ல தண்ணீர், கழுவித் துடைத்தபின் தடவத் தேங்காய் எண்ணெய். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சிறு வெடிப்பையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவற்றைத் தருவது உப்பள உரிமையாளர்களின் கடமை. தருகிறார்களா என்று பார்ப்பது அரசின் கடமை. கேட்க வேண்டியது அந்த உப்பைத் தின்னும் நாம்.