டிரிம்மர் நின்று விட்டதா? பேட்டரியை மாற்றிப் பாருங்கள்!

கம்ப்யூட்டரில் தேதியும் நேரமும் தவறாக வந்தால், மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 பேட்டரியை நாமே மாற்றி விடுகிறோம். ஆனால் டிரிம்மர் போன்ற சாதனங்களில் பேட்டரியை உள்ளேயே சால்டர் செய்து மூடி விடுகிறார்கள். பேட்டரி போனால் சாதனமே போனது என்று தூக்கிப் போடுகிறோம்.

என் அப்பாவுக்குக் கை நடுங்கும். ரேசர் பிடிக்க முடியாது, டிரிம்மர்தான். ஒரு நாள் காலை, பாதி முகத்தோடு அது நின்று விட்டது. இரவு முழுக்க சார்ஜ் செய்தும் இரண்டு நிமிடம்தான் ஓடியது. "பேட்டரி தனியா வராது சார், புதுசு வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர். மோட்டாரும் பிளேடும் நன்றாக இருக்கும்போது எதற்குப் புதுசு?

பிளக்கிலிருந்து கழற்றிவிட்டுத்தான் ஸ்க்ரூக்களைத் திறந்தேன். இதை மறக்காதீர்கள். நேரடியாக 230 வோல்ட்டில் செருகும் மலிவான மாடல்கள் சிலவற்றில், உள்ளே எந்தக் கம்பியைத் தொட்டாலும் ஷாக் அடிக்கலாம்.

உள்ளே இருந்தது டபுள் ஏ அளவில் ஒரே ஒரு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், 1.2 வோல்ட், 600 மில்லி ஆம்பியர் அவர். மல்டிமீட்டர் வைத்தால் 1.25 காட்டியது. நன்றாகத்தானே இருக்கிறது என்று குழம்பினேன். டிரிம்மரை ஆன் செய்ததும் முள் 0.6க்கு இறங்கியது! பழைய செல்லில் உள் மின்தடை கூடிவிடும். எனவே சும்மா இருக்கும்போது அளந்தால் ஏமாந்து போவீர்கள். ஓட விட்டு அளக்க வேண்டும்.

முதல் முயற்சியில் சாதாரண ரீசார்ஜபிள் செல்லை வாங்கி, அதன் மீதே சால்டர் வைத்தேன். சூட்டில் உள்ளிருக்கும் சீல் கெட்டு, செல் வீணானது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் 'டேக் வைத்த செல்' என்று கேளுங்கள். இரு முனையிலும் உலோகப் பட்டை இருக்கும். அந்தப் பட்டையில் சால்டர் செய்தால் செல்லுக்குச் சூடு அதிகம் போகாது. பிளஸ், மைனஸ் எங்கே என்று பழையதைக் கழற்றும் முன்பே குறித்துக் கொள்ளுங்கள்.

அதிக நேரம் ஓடட்டும் என்று லித்தியம் செல்லைப் போடலாமா? கூடவே கூடாது. முழு சார்ஜில் அது 4.2 வோல்ட். மோட்டார் தாங்காது, இந்த சார்ஜரும் அதற்கானதல்ல. தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. நான் அதே வகையில் 1000 மில்லி ஆம்பியர் அவர் செல் போட்டேன். முன்பு 8 மணி நேரம் சார்ஜ் ஆனது, இப்போது ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகிறது.

அப்பா முழு முகமும் மழித்து முடித்தார். மறுநாளே அலமாரியில் கிடந்த எமர்ஜென்சி லைட்டைக் கொண்டு வந்து என் மேஜையில் வைத்து விட்டார். அதில் இருப்பது லெட் ஆசிட் பேட்டரி. அதற்கு வேறு கடை ஏற வேண்டும்.