சூட்கேஸில் ஊருக்குப் போகும் போல்ட்டுகள்

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இன்ஜினைவிட, பெயின்ட்டைவிட அதிகம் இழுத்தடிப்பது ஒரு டப்பா நிறையக் கிடக்கும் சின்னச் சாமான்கள்தான் என்பார்கள். போல்ட், நட், வாஷர், கதவுக் கீல், கார்புரேட்டர் லிவர். துருவை எடுத்தால் மட்டும் போதாது, மறுபடி முலாம் பூச வேண்டும். டொராண்டோவில் அதைச் செய்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஸ்கார்பரோவில் பக்கத்து வீட்டு அண்ணை ஒரு மோரிஸ் மைனரைப் பிரித்துப் போட்டிருக்கிறார். வார இறுதிகளில் நான் அவருக்கு எடுபிடி. யாழ்ப்பாணத்துக்காரருக்கு அந்தக் கார்மேல் ஏன் இவ்வளவு பாசம் என்று கேட்கவே வேண்டாம். 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் வராமல் போனபோது, இந்த மாதிரி பழைய பிரிட்டிஷ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய ஊர் அது. ஸ்டார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெட்ரோல்.

எல்லாவற்றையும் குரோம் பண்ணிவிடலாம் என்பதுதான் நம்மவர்களின் முதல் ஆசை. எனக்கு அதில் உடன்பாடில்லை. வழக்கமான குரோம் வேலையில் அடியில் செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியாகத்தான் குரோமியம். பளபளப்பில் பெரும்பங்கு நிக்கலுடையது. மேலே இருக்கும் குரோமியம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. பம்பருக்கும் கதவுக் கைப்பிடிக்கும் அது சரி. கண்ணில் படாத போல்ட்டுக்குத் துத்தநாகம் போதும். துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு உள்ளே இருக்கும் இரும்பைக் காப்பாற்றும். குளிர்காலத்தில் இங்கே ரோட்டில் கொட்டுகிற உப்புக்கு அதுதான் மருந்து.

ஸ்டீயரிங், பிரேக் போல்ட்டுகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அமிலத்தில் கழுவி முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உறுதியான எஃகை நொறுங்க வைக்கும். பூசியவுடன் 190 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் சூடாக்கினால் அது வெளியேறும். ஆனால் கடையில் உண்மையிலேயே சூடாக்கினார்களா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அவற்றைப் புதிதாக வாங்குவதே நல்லது.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவருக்கு வேண்டியது ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி பாகங்கள். நம்முடைய நாற்பதும் நாற்பது ரகம். அதனால்தான் குறைந்தபட்சக் கட்டணம் கேட்கிறார். சின்னச் சாமான்களைப் பீப்பாயில் போட்டு உருட்டித்தான் பூசுவார்கள். அடியில் ஒரு வாஷர் தங்கிவிட்டால் யார் தேடித் தருவார்கள்? எண்ணி, போட்டோ எடுத்து, முடிந்தவற்றைக் கம்பியில் கோர்த்துக் கொடுங்கள்.

விலையைக் கேட்டதும் அண்ணை சொன்னார்: "தம்பி, உது சின்னச் சாமான்தானே. நீர் சென்னைக்குப் போகேக்க கொண்டுபோய்ச் செய்விச்சால் என்ன?"

நானும் யோசித்தேன். அம்பத்தூரில் பாதிக் காசுக்கு முடியலாம். ஆனால் ராணிப்பேட்டை நினைவுக்கு வந்தது. அங்கே சிப்காட்டில் இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களில் மூடப்பட்டது. அது முலாம் கடை அல்ல, குரோமிய உப்புகள் தயாரித்த ஆலை. ஆனால் விட்டுப்போன கழிவில் இருப்பது குரோம் தொட்டிகளில் இருக்கும் அதே ஹெக்ஸாவேலண்ட் குரோமியம், புற்றுநோய் தருவது. 2006இல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இருந்தது. இங்கே குரோம் முலாம் தொட்டிகளின் புகைக்கு 2009இல் கூட்டாட்சி அரசு தனி விதிமுறை கொண்டுவந்தது. கழிவுநீரில் எவ்வளவு உலோகம் போகலாம் என்பதற்கு டொராண்டோ நகராட்சியின் சட்டம் இருக்கிறது. அந்தச் செலவும் நம் பில்லில் சேர்ந்துதான் வருகிறது.

ஊரில் எல்லாக் கடையும் மோசம் என்று சொல்லவில்லை. சுத்திகரிப்பு வைத்து ஒழுங்காகச் செய்பவர்கள் அங்கேயும் உண்டு. கொடுப்பதற்கு முன் கழிவு எங்கே போகிறது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் சூட்கேஸை மூடிக்கொண்டு திரும்பிவிடுங்கள். கராஜிலேயே குரோம் பூசலாம் என்று வீடியோ பார்த்துக் கிளம்புவது இன்னும் ஆபத்து. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்போதைக்குக் கைப்பிடிகளுக்கு மட்டும் குரோம், மீதிக்குத் துத்தநாகம், இரண்டும் இங்கேயே என்று முடிவாகியிருக்கிறது. இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் குறைந்தபட்சக் கட்டணம் மூன்றாகப் பிரியும். மார்க்கத்தில் ஒருவர் பழைய ஆஸ்டின் வைத்திருக்கிறாராம். அவருடைய நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறார் அண்ணை.