தெமட்டகொடையிலிருந்து சதுப்புநிலம் வரை
(மின்சைக்கிளில் கொழும்பு – தொடர்)

தெமட்டகொடை கொழும்பு மாநகரின் கிழக்கு ஓரத்தில், கொழும்பு 9 என்ற அஞ்சல் பிரிவில் இருக்கிறது. பேஸ்லைன் வீதி புகையிரதப் பாதையைக் கடக்கும் பாலத்தைத் தவிர, ஏற்றம் என்று சொல்ல இங்கே எதுவுமில்லை. மலைநாட்டில் மின்சைக்கிளின் மோட்டார் ஏற்றத்துக்கு உதவும். கொழும்பில் அது புழுக்கத்துக்கு உதவுகிறது. சந்திக்குச் சந்தி நின்று, பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவே மறுபடி மிதித்துக் கிளம்புவதுதான் வியர்க்க வைக்கும் வேலை. அந்த வேலையை மோட்டார் ஏற்றுக்கொள்கிறது.

36 வோல்ட், 10 அம்பியர்-மணி பற்றரி ஒன்றில் 360 வாட்-மணி மின்சாரம் அடங்கும். அதை முழுதாக ஏற்ற அரை யூனிட் போதும். மிதித்துக்கொண்டே ஓட்டினால் சமதரையில் 30 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். இங்கிருந்து பத்தரமுல்லைப் பக்கம் போய்த் திரும்ப அது தாராளம்.

முதலில் புகையிரதம். இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ஓடியது. அந்தப் பிரதான பாதையில் மருதானைக்கு அடுத்த நிலையம் தெமட்டகொடை. எஞ்சின்களை நிறுத்திப் பராமரிக்கும் பெரிய கொட்டகையும் இங்கேதான். பாலத்தின் மேல் ஓரமாக நின்றால் தண்டவாளங்கள் பிரிந்து விரிவது தெரியும். கொட்டகைக்குள் அனுமதியின்றி நுழைய முடியாது.

ஊரின் கிழக்கே தெமட்டகொடைக் கால்வாய். வடக்கே அது சென் செபஸ்தியன் கால்வாயோடு சேர்கிறது. வெள்ள நீர் களனி ஆற்றுக்கும் கடலுக்கும் வடியும் வலையமைப்பில் இதுவும் ஒரு கண்ணி. நகரின் பல கால்வாய்க் கரைகளில் இப்போது நடைபாதைகள் உண்டு. ஆனால் அவை ஒன்றோடொன்று தொடர்வதில்லை. நல்ல பாதை ஒன்று திடீரென ஒரு மதிலிலோ பிரதான வீதியிலோ முடிந்துவிடும். கொழும்பில் சைக்கிள் ஓட்டுவோருக்கு இதுவே பெரிய குறை.

கால்வாய்க்கு அப்பால் கொலன்னாவை. நாட்டின் பிரதான எரிபொருள் தாங்கிகள் இங்கே இருக்கின்றன. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. அதை இந்தத் தாங்கிகள் என்று விமானிகள் தவறாக நினைத்ததாகச் சொல்வார்கள். 2022இல் பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டபோது பலர் சைக்கிளைத் தேடினார்கள்; அன்று அதன் விலையும் ஏறியது. எரிபொருள் கிடங்கின் மதிலோரமாக மின்சைக்கிளில் போகிறவருக்கு அந்த மாதங்கள் நினைவுக்கு வராமல் இராது.

இன்னும் சற்றுத் தள்ளி மீதொட்டமுல்லை. ஈர நிலத்தில் பல ஆண்டுகள் கொட்டப்பட்ட குப்பை மலையாகி, 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் இறந்தார்கள். இது வேடிக்கை பார்க்கும் இடமல்ல. ஆனால் தாழ்நிலத்தை நகரம் எப்படி நடத்தியது என்பதை இங்கே பார்க்காமல் அடுத்த இடத்தின் அருமை விளங்காது.

அடுத்த இடம் தெற்கே, ராஜகிரியவைத் தாண்டி, கோட்டேயின் பெத்தகான சதுப்புநிலப் பூங்கா. சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு மரநடைபாதையில் நடக்க வேண்டும். நீலத் தாழைக்கோழி, நீர்க்காகம், கொக்கு, கபரகொய்யா ஆகியவற்றைச் சாதாரணமாகக் காணலாம். மீன்பிடிப் பூனையும் கொழும்பின் சதுப்புநிலங்களில் வாழ்கிறது, ஆனால் இரவில் நடமாடும் அதைப் பார்ப்பது அபூர்வம். 2018 ஒக்டோபரில் டுபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில் 18 நகரங்கள் சதுப்புநில நகரங்களாக அங்கீகாரம் பெற்றன. கொழும்பு அவற்றில் ஒன்று. கிழக்கே தியவன்னா ஓயாவின் நடுவில், ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றம் தெரியும்.

பேஸ்லைன் வீதியில் சைக்கிளுக்கெனத் தனி ஓரம் இல்லை. ஆகவே ஞாயிறு விடியற்காலையே தோதான வேளை. மழையில் ஓட்டலாம், தேங்கிய வெள்ளத்தில் இறக்கக் கூடாது: சக்கர அச்சில் பொருத்திய மோட்டாருக்குள் நீர் புகுந்தால் பழுதாகும். வெயிலில் ஓடிச் சூடான பற்றரியை ஆறவிட்ட பிறகே சார்ஜில் போட வேண்டும்.