எக்கோ எடுக்கச் சொன்னால்

சித்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்தச் செய்தி பெரும்பாலும் வேறொரு வேலையாகப் போன இடத்தில்தான் கிடைக்கிறது. மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷனோ, கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷனோ முடிவாகியிருக்கும். ஃபிட்னஸ் பார்க்கும் டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கேட்டுவிட்டு, "மர்மர் இருக்கு, எக்கோ எடுத்துட்டு வாங்க" என்பார். அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

மர்மர் என்பது நோயின் பெயர் அல்ல. இதயத்துக்குள் ரத்தம் சுழித்து ஓடும்போது எழும் சத்தம். ஓடையில் தண்ணீர் வேகமாகப் போனாலும் சலசலக்கும், நடுவில் கல் கிடந்தாலும் சலசலக்கும். ரத்தசோகை, தைராய்டு மிகுதி, காய்ச்சல், கர்ப்பம் ஆகியவற்றில் நல்ல இதயத்திலும் சத்தம் கேட்கும். வால்வு சுருங்கியிருந்தாலும், சரியாக மூடாமல் கசிந்தாலும், இதயச் சுவரில் பிறவி ஓட்டை இருந்தாலும் கேட்கும். சத்தத்தின் அளவை 1 முதல் 6 வரை எண்ணிட்டு எழுதுவார்கள். ஆனால் சத்தம் பெரிதாக இருப்பதாலேயே நோயும் பெரிது என்று ஆகாது. வால்வு மிகவும் சுருங்கி இதயம் தளர்ந்த நிலையில் சத்தம் தணிந்தும் போவதுண்டு.

டாக்டரிடம் போகும்முன் கணவன் அல்லது மனைவி செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இதை நான் பெரிதாக நினைக்கிறேன். "ஒண்ணுமில்ல, அலைச்சல்" என்று நோயாளி மறைத்துவிடுவதைக் கூட இருப்பவர்தான் பார்த்திருப்பார். போன வருஷம் திருமலைக்குப் போகும் அலிபிரிப் படிகளை நிற்காமல் ஏறியவர் இந்த வருஷம் வழியிலுள்ள காலி கோபுரத்துக்கு முன்பே பலமுறை உட்கார்ந்தாரா? இரவில் தலையணையை உயர்த்தி வைத்துக்கொள்கிறாரா? வேலை செய்யும்போது மயக்கம், நெஞ்சு அழுத்தம், படபடப்பு, காலில் வீக்கம் உண்டா? சிறு வயதில் தொண்டை வலிக்குப் பின் காய்ச்சலோடு மூட்டுகள் மாறி மாறி வீங்கியதா? அது ருமாட்டிக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். அது வால்வில் விட்டுப்போகும் சேதம் பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். நம் பெண்கள் பலருக்கு முதல் கர்ப்பத்தின்போதுதான் வெளிப்படுகிறது. பிள்ளைப்பேற்று நேரத்தில் மூச்சு வாங்கியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

முதலில் ஈசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு பார்ப்பார்கள். மார்பு எக்ஸ்ரேயும் எடுக்கலாம். ஈசிஜி சரியாக இருப்பதால் வால்வும் சரி என்று நினைத்துவிடக் கூடாது. விடை தருவது எக்கோதான். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மார்பில் ஜெல் தடவி, ஒலியலையால் வால்வுகள் திறந்து மூடுவதையும் ரத்தம் பாயும் வேகத்தையும் பார்ப்பார்கள். வலியில்லை, ஊசியில்லை, கதிர்வீச்சில்லை, வெறும் வயிறும் வேண்டாம். மேலாடையை விலக்க வேண்டும் என்பதால் தயங்கும் பெண்கள், பெண் உதவியாளர் உடனிருக்கும்படி தாராளமாகக் கேட்கலாம். படம் தெளிவாக இல்லாவிட்டால், தொண்டை வழியாகக் குழாய் செலுத்தி எடுக்கும் எக்கோ தேவைப்படலாம். அதற்குச் சில மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும்.

ஹெல்த் செக்கப் தொகுப்புகளில் டிரெட்மில் சோதனை சேர்ந்தே வரும். மர்மர் இருக்கிறது என்று சொன்னபின் எக்கோ பார்க்காமல் டிரெட்மில்லில் ஏறாதீர்கள். மகாதமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களுக்கு அது ஆபத்தாகலாம். திருமலைப் படி ஏறும் வேண்டுதலையும் அறிக்கை வரும்வரை தள்ளிவையுங்கள். இதய நோயாளிகள் நடந்து ஏற வேண்டாம் என்பதே தேவஸ்தானத்தின் அறிவுரையும்.

எங்கே போவது? சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். அங்கே தேவஸ்தான ஆதரவில் 1993 முதல் நடக்கும் ஸ்விம்ஸ் மருத்துவமனை இருக்கிறது, ருயா அரசு மருத்துவமனையும் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. அதில் பாதித் தொலைவுதான். தமிழ் பேசும் குடும்பங்கள் பழக்கத்தால் அங்கேயே போகின்றன. சாதாரண எக்கோவுக்காக மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இதய நிபுணர் பார்த்துக் கையெழுத்திடும் இடம் எதுவானாலும் போதும். சிகிச்சை வரை போகுமானால், 2007இல் ஆரோக்கியஸ்ரீயாகத் தொடங்கி இப்போது என்.டி.ஆர். வைத்ய சேவா என்று நடக்கும் ஆந்திர அரசின் சிகிச்சைத் திட்டத்தில் இடமுண்டா என்று மருத்துவமனையின் உதவி மேசையில் முன்கூட்டியே கேளுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் பலர் பயப்படுவது "ட்ரிவியல் எம்.ஆர்., ட்ரிவியல் டி.ஆர்." என்ற வரியைப் பார்த்துத்தான். மைட்ரல், ட்ரைகஸ்பிட் வால்வுகளில் மிகச் சிறு கசிவு என்பதே அதன் பொருள். நல்ல இதயங்களிலும் சாதாரணமாகக் காணப்படுவது. பார்க்க வேண்டியவை வேறு. மகாதமனி வால்வின் திறப்பு 1 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே, அல்லது மைட்ரல் வால்வின் திறப்பு 1.5 அல்லது அதற்கும் குறைவு என்றிருந்தால் சுருக்கம் கடுமையானது. "இ.எஃப். 60" என்பது இதயம் நன்றாகச் சுருங்கி ரத்தத்தை வெளியேற்றுவதைச் சொல்கிறதே தவிர, வால்வுக்கு அது நற்சான்று அல்ல.

லேசான சுருக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ போதும். நடுத்தரமானால் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. கடுமையாக இருந்து மூச்சிரைப்போ மயக்கமோ வந்தால் காத்திருக்கக் கூடாது. மைட்ரல் சுருக்கம் பலருக்கு நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியே பலூன் செலுத்தியே சரிசெய்யப்படுகிறது. காரணம் ருமாட்டிக் என்று தெரிந்தால், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் தொடர வேண்டியிருக்கும். அந்தத் தேதிகளைக் கணவனோ மனைவியோ காலண்டரில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஊசி போட்டுக்கொள்பவர் உடம்பு தேறியதும் அதை நிறுத்திவிடத்தான் பார்ப்பார்.