கல்முனைக் கரையிற் கல்வியும் ஆசிரியரும்

பாடசாலைக் கட்டடம் ஒன்றை எழுப்புவதற்குச் சில மாதங்கள் போதும். அதற்குரிய ஆசிரியரை உருவாக்குவதற்கோ ஒரு தலைமுறை வேண்டும். இவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்தவை இலங்கையின் கீழ்க்கரையிலுள்ள கல்முனைப் பகுதி ஊர்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கி நீளும் இக்கரையில், ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வயல்வெளியுமாக முஸ்லிம் மக்கள் செறிந்து வாழ்கின்றனர். வேளாண்மை, மீன்பிடி, நெசவு, வாணிபம் ஆகியவை அவர்தம் தொழில்கள். தமிழே அவர்தம் தாய்மொழி.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வூர்களில் கல்வி பெரிதும் பின்தங்கியிருந்தது. பிள்ளைகள் குர்ஆன் ஓதப் பழகினர். ஊர்ப் பாடசாலையிற் சில வகுப்புகள் படித்தனர். அதற்கப்பாற் சென்றோர் மிகச் சிலரே. ஆங்கிலவழி உயர்கல்வி தந்த பாடசாலைகள் பெரும்பாலும் மட்டக்களப்பு நகரில் மிஷனரிமாரின் பொறுப்பில் இருந்தன. அங்கு செல்வதற்குத் தூரமும் கட்டணமும் தடையாயின. பிள்ளையின் சமய வாழ்வு மாறிவிடுமோ என்ற அச்சமும் பெற்றோரின் உள்ளத்தில் இருந்தது.

இந்நிலையை மாற்றிய முயற்சிகள் 1940களிற் பிறந்தன. 1941ஆம் ஆண்டில் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் கலாசாலை நிறுவப்பட்டது. 1942இல், யுத்தகால உணவு உற்பத்தியை மேற்பார்வை செய்ய உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார் ஏ. எம். ஏ. அசீஸ். வயல் விளைந்த அளவிற்குக் கல்வி விளையவில்லை என்பதைக் கண்ட அவர், அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அயலூரான காரைதீவிற் பிறந்து, கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலானந்தரோடு அவர் நட்புப் பூண்டிருந்தார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி ஏற்பட்டதும் அசீஸின் முயற்சியாலேயே. அதே ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி, கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழி என்ற கொள்கையும் உறுதி பெற்றது.

இலவசக் கல்வி கதவைத் திறந்தது. ஆனால் கதவு திறந்திருப்பதனால் மட்டும் பிள்ளை உள்ளே வந்துவிடாது. உள்ளே நிற்பவர் யார் என்று பெற்றோர் பார்க்கின்றனர். தம் மொழியைப் பேசி, தம் வழக்கங்களை அறிந்து, மாலையில் அதே தெருவில் நடந்து செல்லும் ஒருவர் ஆசிரியராய் நின்றபோது அவர்தம் தயக்கம் தளர்ந்தது. பெண் பிள்ளைகளின் கல்விக்கு இது மேலும் பொருந்தும். பெண் ஆசிரியர்கள் பெருகப் பெருக, மகளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிடும் வழக்கமும் குறைந்தது. 1949இற் கல்முனை ஸாஹிறாக் கல்லூரியும், 1971இல் மஹ்மூத் மகளிர் கல்லூரியும் தோன்றின. 1995இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம், மறு ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. இவ்வளர்ச்சிக்கெல்லாம் அடித்தளம் இட்டவர் வகுப்பறை ஆசிரியரே.

இன்றைய பிரச்சினை வேறு வடிவம் கொண்டது. ஊருக்குள் ஆசிரியர் பெருகியது நன்மையே. எனினும், பலரும் தத்தம் ஊரிலேயே சேவை செய்ய விரும்புகின்றனர். அதனால் நகர்ப்புறப் பாடசாலைகளிற் சில பாடங்களுக்கு ஆசிரியர் மிகையாகவும், பொத்துவில் போன்ற தூரத்து ஊர்களில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றுக்குப் பற்றாக்குறையாகவும் இருக்கக் காண்கிறோம். தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும் ஏனையவை மாகாண சபையின் கீழும் இருப்பதனால், மிகையைக் குறையோடு ஈடுசெய்வதும் எளிதன்று.

கட்டாய இடமாற்றம் ஒன்றே இதற்கு மருந்தாகாது. கைக்குழந்தையோடு விடியுமுன் பஸ் ஏறி, பல மைல் தூரம் சென்று கற்பித்துத் திரும்பும் ஆசிரியையிடம் முழு உற்சாகத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. தங்குமிடம், பிரயாண வசதி, கஷ்டப் பிரதேசத்திற்குரிய தக்க கொடுப்பனவு, குறித்த காலம் முடிந்ததும் சொந்த ஊருக்குத் திரும்பலாம் என்ற தவறாத உறுதி ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தால், தூரத்துச் சேவை தண்டனையாகத் தோன்றாது. செல்வாக்குள்ளவர் தப்பித்துக்கொள்ள, இல்லாதவர் மட்டும் செல்லும் முறை எவருக்கும் நம்பிக்கை தராது.

பயிற்சியும் இதனோடு சேர்ந்த விடயமே. கல்வியியற் கல்லூரியில் பயில்வோர் இரண்டாண்டு கற்று, மூன்றாம் ஆண்டிற் பாடசாலையிற் பயிற்சி பெற்ற பின்னரே நியமனம் அடைகின்றனர். பட்டதாரிகளோ பெரும்பாலும் முதலில் நியமனம் பெற்று, பின்னரே கற்பித்தற் கலையைப் பயில்கின்றனர். வேலையின்மையைத் தீர்ப்பதற்காக ஆசிரியத்துவத்தைப் பயன்படுத்துவது பட்டதாரிக்கு ஆறுதலாகலாம். ஆயின் அதன் விலையை இடைக்காலத்தில் மாணவரே செலுத்துகின்றனர்.

ஊதியத்தையும் மறத்தலாகாது. 2021ஆம் ஆண்டில், நெடுங்காலச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறு கோரி ஆசிரியரும் அதிபரும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து மூன்று மாதங்களுக்கு மேல் விலகி நின்றனர். பின்னர் சம்பளம் உயர்ந்தது. ஆனால் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 70 வீதம் அளவிற்கு ஏறியபோது அவ்வுயர்வு கரைந்து போயிற்று. ஆசிரியரின் தகுதிக்கேற்ற ஊதியமும் மதிப்பும் வேண்டுமென 1966 ஒக்டோபர் 5ஆந் திகதி பாரிஸில் கூடிய அரசுகளின் மாநாடு பரிந்துரைத்தது. அந்நாளையே உலகம் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. மாலை அணிவிப்பதோடு அக்கடமை முடிந்துவிடாது.

ஒரு காலத்திற் கெட்டிக்கார மாணவன் ஆசிரியனாவதே இக்கரையின் பெருமையாக இருந்தது. இன்று அத்தகைய மாணவர் முதலில் வைத்தியத்தையும் பொறியியலையும் நாடுகின்றனர், அது தவறன்று. ஆனால் அவர்களை அந்நிலைக்கு உயர்த்தும் கணித ஆசிரியர் நாளை எங்கிருந்து வருவார்? எண்பது ஆண்டுகளுக்கு முன் கல்முனைக் கரை தனக்கு வேண்டிய ஆசிரியரைத் தானே உருவாக்கத் துணிந்தது. அத்துணிவின் பயனை அடைந்த ஊர்கள், இன்னும் ஆசிரியருக்காகக் காத்திருக்கும் அயலூர்ப் பிள்ளைகளுக்கும் அதைப் பகிர்ந்தளிக்கக் கடமைப்பட்டவை.